கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று எங்கள் ஊர்களிலே ஒரு பேச்சு உண்டு. தேங்காய் கடைக்காரனுடையது; பிள்ளையார் வழியிலே இருப்பவர்; புண்ணியமோ உடைத்தவன் கணக்கிலே சேர்கிறது. சிறு வயதில் இப்பழமொழியைப் பாட்டியார் வாயாற் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அப்படி உடைக்கப்பட்ட ஒரு தேங்காய்க்கு நானே தட்டம் ஏந்தி நின்றேன் என்பதை அறிவதற்கு எனக்கு ஐம்பத்தேழு வயது ஆக வேண்டியிருந்தது.

அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். எவரையும் குற்றஞ் சாட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் யாரையேனும் ஏற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் ஏற வேண்டியவன் இதை எழுதுகிறவனே.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பெருந்தெருவிலிருந்து ஒரு கட்டை தூரம் உள்ளே தள்ளி இருக்கின்றது எங்கள் ஊர். சந்தியிலே ஒரு வாசிகசாலை. அதனோடு ஒட்டினாற்போலக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறை. அச்சங்கத்தின் காரியதரிசியாக நான் பதினோராண்டு இருந்தேன். கணித ஆசிரியனாதலால் கணக்குப் புத்தகம் பிழையாது என்றும், எழுத்தும் வடிவாக இருக்கும் என்றும் எண்ணி ஊரவர் என்னைத் தெரிவு செய்தனர். கணக்குப் புத்தகம் ஒருபோதும் பிழைத்ததில்லை. பிழைத்தது வேறொன்று.

ஊரின் தென்கோடியிலே, வயல்வெளிக்கு அப்பால், தாழ்ந்த தரையிலே முப்பது முப்பத்தைந்து வீடுகள் உண்டு. அங்கே போவதற்கு ஒரேயோர் ஒழுங்கை. அந்த ஒழுங்கையை ஒரு வெள்ளவாய்க்கால் குறுக்கறுத்துச் செல்கின்றது. கோடையில் அதைத் தாண்டுவது குழந்தை விளையாட்டு. மாரியிலோ முழங்காலளவு தண்ணீர். மழை விடாது பெய்த நாட்களில் இடுப்பளவு. அவ்விடத்து மக்கள் நெடுங்காலமாக அங்கே ஒரு மதகு கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரேனும் எங்கள் சங்கத்தின் நிருவாக சபையில் இருந்ததில்லை. ஏன் இல்லை என்று எவரும் கேட்டதுமில்லை. நானும் கேட்டதில்லை.

நிற்க. பாராளுமன்ற உறுப்பினரின் நிதி என்று நாம் பேச்சு வழக்கிற் சொல்லும் பணம் யாது என்பதை இவ்விடத்திற் சிறிது விளக்குதல் நலம். காகிதத்திலே அதற்குள்ள பெயர் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதி என்பதாகும். 1974 ஆம் ஆண்டிலே, திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த காலத்தில், இம்முறை தொடங்கியது. கொழும்பிலுள்ள அமைச்சுக்களின் கதவைத் தட்டித் தட்டிக் கை சலித்த கிராமங்களுக்குச் சிறு வேலைகளாயினும் விரைவில் நடக்கட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கந்தான். ஒரு கிணறு, ஒரு மதகு, பாடசாலைக்கு ஒரு கூரை என்பவற்றுக்காக ஓர் அமைச்சின் கோப்பு ஆண்டுக்கணக்கில் உறங்க வேண்டியதில்லை அல்லவா?

பலர் நினைப்பது போல, இப்பணம் உறுப்பினரின் சட்டைப்பைக்குள் வருவதன்று. அவர் செய்வது சிபாரிசு மாத்திரமே. இன்ன ஊரில் இன்ன வேலைக்கு இவ்வளவு என்று அவர் எழுதிக் கொடுக்கும் பட்டியல் கச்சேரிக்கு, அதாவது இன்றைய மாவட்டச் செயலகத்துக்குப் போகின்றது. அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு வருகின்றது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடா பிடித்து அளந்து மதிப்பீடு எழுதுகிறார். சிறிய வேலையாயின் ஊர்ச் சங்கத்துக்கே ஒப்பந்தம் கிடைப்பதுண்டு. வேலை முடிந்ததும் மீண்டும் அளந்து பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். ஆண்டு முடியுமுன் செலவாகாத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். எங்கள் ஊரிலே இவையெல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பணம் களவு போயிருந்தால் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சதமேனும் களவு போகாமலே ஒரு பணம் வழி தவறிப் போகக்கூடும் என்பதுதான் நான் கற்ற பாடம்.

2013 ஆம் ஆண்டு ஆவணி மாதம். ஒரு நாள் மாலை சங்கத் தலைவர் சைக்கிளிலே வந்து என் படலையில் மணி அடித்தார்.

“மாஸ்டர், எம்.பி.யிட்டைக் கொஞ்சக் காசு மிஞ்சிக் கிடக்காம். வேறோர் ஊரிலை செய்ய இருந்த வேலை நடக்கேல்லையாம். வெள்ளிக்கிழமைக்கிடையிலை கடிதம் குடுத்தால் எங்களுக்கு மூண்டு இலட்சம் வரும்” என்றார்.

அப்பொழுது என் கோப்பிலே இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று, தென்கோடி மக்கள் இருபத்தேழு பேர் ஒப்பமிட்டுத் தந்த மதகு விண்ணப்பம். எழுத வராத நால்வர் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தனர். மற்றையது எங்கள் நிருவாக சபையே எழுதி வைத்திருந்தது. வாசிகசாலைக்கு ஐம்பதாண்டு நிறைவாகப் போகின்றது. பொன்விழாவை முன்னிட்டு ஒரு முகப்பு மண்டபமும், நிலத்துக்குப் பளிங்குக் கல்லும் வேண்டும் என்பது அதன் சாரம். வாசிகசாலையின் கூரை ஒழுகவில்லை. சுவர் வெடிக்கவில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

மறுநாளே நிருவாக சபை கூடிற்று. “ஒழுங்கையும் மதகும் பிரதேச சபையின் வேலை, அதை அவர்கள் செய்யட்டும்” என்றார் ஒருவர். “மதகை ஆர் பார்க்கப் போகினம்? முகப்பெண்டால் சந்தியிலை நிக்கும்” என்றார் இன்னொருவர். ஏதோ அலுவலாக அங்கு வந்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், குழாய் வைத்து ஒரு மதகு கட்டுவதற்கும் ஏறக்குறைய அதே மூன்று இலட்சந்தான் முடியும் என்று தாமாகவே சொன்னார். ஒரு கணம் எல்லோரும் மௌனமாயினர். அந்த மௌனத்திலே ஒருவன் வாய் திறந்திருந்தால் காரியம் மாறியிருக்கும். அந்த ஒருவன் நானாக இருந்திருக்கலாம். வகுப்பிலே ஐந்து பாடவேளை ஓயாமற் பேசுகிற நான், அன்று கூட்ட அறிக்கையிலே தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கடிதத்தையும் நானே எழுதினேன். ‘எமது கிராமத்தின் மிக அவசியமான தேவை’ என்ற சொற்றொடர் என்னுடையதே. பொன்விழா மலரிலே என் கட்டுரை ஒன்றும் வரவிருந்தது. அதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

பணம் வந்தது. முகப்பும் எழுந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பந்தல், கும்பம், மேளம், ஒலிபெருக்கி, பொன்னாடை, வடையும் தேநீரும், ஒன்றுக்கும் குறைவில்லை. முகப்பின் நெற்றியிலே கறுப்புக் கல்லிற் பொன்னெழுத்துக்கள். வாசிகசாலையின் பெயரைக் காட்டிலும் உறுப்பினரின் பெயர் பெரியதாக இருந்தது. நிதி ஒதுக்கீடு என்னும் சொல், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும் அளவில் இருந்தது.

நன்றியுரை நிகழ்த்தும் பேறு காரியதரிசிக்கு வாய்த்தது. கேளாமலே கொடுக்கும் வள்ளல் என்றேன். மழையை நிகர்த்த கை என்றேன். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் இழுத்து வந்தேன். பாரி ஈந்தது தன்னுடைய தேரை என்பது அப்பொழுது என் நினைவுக்கு வரவில்லை. சபையோர் கை தட்டினர். பந்தலுக்கு வெளியே, வேலியோரமாக, தென்கோடி மக்களும் சிலர் நின்றனர். மதகு விண்ணப்பத்திலே முதலாவதாக ஒப்பமிட்டவர் கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தார். கடல் தொழில் செய்பவர். அதிகம் பேச மாட்டார். “நல்லாய்ப் பேசினீங்கள் மாஸ்டர். அடுத்த முறை எங்கடையையும் ஒருக்காப் பாருங்கோ” என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் மனத்தாங்கல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று கிழமைகூடக் கழியவில்லை. மார்கழி பிறந்தது. அந்நாட்களில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மார்கழி மாதத்திலேயே நடைபெற்று வந்தது. நல்ல மாரி காலத்திலே பிள்ளைகளின் தலைவிதியை நிர்ணயிக்கும் பரீட்சை. கணித பாடத்துக்கு முதல்நாள் இரவு முழுவதும் மழை கொட்டியது. காலையில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு பரீட்சை மண்டபத்தின் வாசலில் நின்றேன். என் மாணவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துத் தைரியம் சொல்லி அனுப்புவது என் வழக்கம். எல்லோரும் உள்ளே போய்விட்டனர். ஒருத்தி மட்டும் வரவில்லை.

மணி அடித்து இருபது நிமிடம் கழித்து அவள் ஓடி வந்தாள். வெள்ளைச் சட்டை மார்பளவு வரைக்கும் சேற்று நிறமாக இருந்தது. பையைத் தலைமேல் வைத்திருந்தாள். பற்கள் கிடுகிடுத்தன. என்னைக் கண்டதும் நின்று, “சேர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வாய்க்கால் பெருகிப் போச்சுது. ஐயா தூக்கிக்கொண்டு வந்தவர், நடுவிலை கால் வழுக்கிப் போச்சு” என்றாள்.

மன்னிப்புக் கேட்டவள் அவள்!

அரை மணித்தியாலம் ஆகவில்லை என்பதால் உள்ளே போக விட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தெருவின் அப்பாலே, ஒரு வேப்பமரத்தின் கீழ், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி அவளுடைய தகப்பனார் நின்றார். முதலாவது கையெழுத்துக்காரர். என்னைக் கண்டு மரியாதையாகத் தலையசைத்தார். அப்பொழுது நான் பிடித்திருந்த குடை எனக்குப் பாரமாயிருந்தது.

அவள் அம்முறை கணிதத்தில் சித்தியடையவில்லை. வெள்ளந்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற நான் துணியேன். வகுப்பிலே அவள் முதல் மாணவியும் அல்லள். கடைசி மாணவியும் அல்லள். கரையிலே நிற்பவள். காய்ந்த சட்டையோடு, மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அவள் கரை ஏறியிருக்கக்கூடும் என்று மாத்திரம் அவளுக்குப் படிப்பித்தவன் என்ற முறையிற் சொல்வேன். மறுவருடம் மீண்டும் எழுதிச் சித்தியடைந்தாள். ஆயினும் ஒரு பெண்பிள்ளையின் வாழ்விலே ஓராண்டு என்பது சிறிய தொகையா? எந்த மதிப்பீட்டில் அதைச் சேர்ப்பது?

பெறுபேறு வெளியான பின்னர் நான் கோபத்தோடு அந்த உறுப்பினரின் காரியாலயத்துக்குப் போனேன். என்மீது எழுந்த கோபத்தை வேறொருவர்மீது இறக்கிவைக்க ஆசைப்பட்டேன் என்பது இப்பொழுது விளங்குகின்றது. அவர் கெட்ட மனிதர் அல்லர். தேநீர் தருவித்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கோப்பை எடுத்து விரித்து என்முன் வைத்தார்.

“மாஸ்டர், இதிலை ‘மிக அவசியமான தேவை’ எண்டு எழுதியிருக்கிறது உங்கடை கையெழுத்துத்தானே? மதகைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. எந்த ஒழுங்கையிலை எவ்வளவு தண்ணி நிக்குதெண்டு நான் அளந்தோ காசு குடுக்கிறன்? ஆர் கேக்கினமோ, அவைக்குத்தான்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது. வீடு திரும்பும் வழியில் அந்தக் கடைசி வாக்கியத்தையே மனத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன். யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு! அப்படியானால், உறுப்பினரின் வாசலை அடையத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். சங்கத்திற் பதவி உள்ளவனுக்குக் கிடைக்கும். கடிதம் வடிவாக எழுதத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். வாசலுக்குப் போகும் வழியிலேயே வெள்ளம் நிற்பவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

அவரிடத்திலும் ஒரு நியாயம் இருந்தது. முன்பெல்லாம் பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு விகிதாசார முறை வந்தது. 1989 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து முழு மாவட்டமும் ஒரே தேர்தற் களமாயிற்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் கிளிநொச்சியும் அதற்குள் அடங்கும். வேட்பாளர் தம் கட்சிக்காரரோடேயே விருப்பு வாக்குக்குப் போட்டியிட வேண்டும். ஆகவே கையிலுள்ள சிறு தொகையைத் தூரத்துக்குத் தூரம் தூவத்தான் அவர் மனம் நாடும். இங்கே பத்துக் கதிரை, அங்கே ஓர் ஒலிபெருக்கி, இன்னோரிடத்திலே கழகத்துக்குப் பந்தும் வலையும். ஒரு மதகு கட்டினால் முப்பது வீடு மகிழும்; அதே பணத்தைப் பத்துக் கழகங்களுக்குப் பிரித்தால் பத்துக் கழகமும் மாலை போடும். இந்தக் கணக்கை எந்த அரசியல்வாதியும் மனக்கணக்காகவே செய்துவிடுவார்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய நோயன்று. இந்தியாவிலே 1993 ஆம் ஆண்டு மார்கழியில் இதையொத்த ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னர் ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 5 கோடி இந்திய ரூபா வரை அது உயர்ந்தது. அங்கேயும் உறுப்பினர் சிபாரிசு செய்வார். மாவட்ட அதிகாரி நிறைவேற்றுவார். ஆயினும் அவர்கள் விதிகளிலே ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று பட்டியலிடப்பட்டோர் வாழும் இடங்களுக்கு நூற்றுக்குப் 15 பங்கும், பழங்குடியினர் வாழும் இடங்களுக்கு ஏழரைப் பங்குமாவது சிபாரிசு செய்யப்பட வேண்டும் என்பதே அவ்விதி. கேட்கத் தெரியாதவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. விதி எழுதினால் மாத்திரம் நீதி நடந்துவிடும் என்று நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன். ஆனால், அன்றைய கூட்டத்தில் அப்படி ஒரு விதி மேசைமேல் இருந்திருந்தால், அந்த மௌனத்தை அது கலைத்திருக்கும்.

பிலிப்பைன்ஸ் தேசத்திலே கதை இன்னும் வேறு. அங்கே சட்டசபை உறுப்பினர்களின் இத்தகைய நிதியிலே பெரும் ஊழல் வெளிப்பட்டு, மக்கள் வீதிக்கு இறங்கினர். 2013 ஆம் ஆண்டு கார்த்திகையில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அம்முறையே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்துவிட்டது. நாங்கள் முகப்புக்கு நாடா வெட்டிய அதே மாதம்! செலவுத் திட்டத்தை நிறைவேற்றிய பின்பு, அதைச் செலவிடும் காரியத்திலும் சட்டம் இயற்றுவோர் கை வைக்கலாகாது என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவின் உயர்நீதிமன்றமோ 2010 ஆம் ஆண்டில் தங்கள் திட்டம் செல்லும் என்று கூறியிருந்தது. கற்றறிந்த நீதிபதிகளே இவ்வாறு இரு வேறாகச் சொல்லும் விஷயத்தில் கணித ஆசிரியன் தீர்ப்புக் கூற முடியாது. ஆயினும் ஒன்று கேட்கலாம். நம் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, பொது நிதியின்மேல் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது என்கிறது. அதாவது, பணம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியவர் நம் உறுப்பினர். கேட்க வேண்டியவரையே கொடுப்பவராகவும் ஆக்கிவிட்டால் கேட்பவர் யார்? கொடுப்பவருக்கு மாலை போடும் நாம் எந்த வாயால் அவரைக் கணக்குக் கேட்போம்?

1848 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் ஒரு வீதிச் சட்டம் விதித்தார்கள். ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும். அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும். கொடிய சட்டந்தான். மக்கள் அதை வெறுத்ததில் வியப்பில்லை. ஆனால், அந்தத் தெருவிலே நடந்தவன், இது என் முதுகு வளைந்து உண்டான தெரு என்று அறிந்து நடந்தான். அதற்காக எவருக்கும் அவன் பொன்னாடை போர்த்தவில்லை. இன்று நம் வரி கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுதான் வேறுபாடு. 2024 ஆம் ஆண்டு தை மாதம் முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. தென்கோடியில் இருப்பவர் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் அது இருக்கின்றது. கொழும்பிலே மாளிகையில் இருப்பவர் வாங்கும் அதே கட்டியிலும் அது இருக்கின்றது. கொடுத்தவனுக்குத் தான் கொடுத்தது தெரியாது. திரும்பி வரும்போது மட்டும் அது இன்னொருவரின் பெயரைச் சூடிக்கொண்டு, மேளதாளத்தோடு வருகின்றது.

இஃதிப்படியிருக்க, 2014 ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோப்பிலிருந்த மதகு விண்ணப்பத்தை வாசித்தேன். தலைவருக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டாயிற்று. அது இன்றும் முற்றாகத் தீரவில்லை. என்றாலும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. தென்கோடியிலிருந்து இருவர் நிருவாக சபையில் எப்பொழுதும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஊரின் தேவைகளையெல்லாம் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வரிசைப்படுத்தி, அப்பட்டியலை வாசிகசாலையின் வெளிச்சுவரில் ஒட்ட வேண்டும். எந்த நிதி வந்தாலும் பட்டியலின் முதலாவது வேலையையே கேட்க வேண்டும் என்பது மற்றையது. கூட்டம் முதலாவதாக எழுதியது மதகு. அந்தக் காகிதத்தை நான் ஒட்டிய இடம், முகப்பிலே பொன்னெழுத்துக் கல்லுக்கு நேர் கீழே.

மழையிலும் வெயிலிலும் அக்காகிதம் பலமுறை கிழிந்தது. கிழிந்த போதெல்லாம் புதிதாக எழுதி ஒட்டினோம். முதலாவது வரி மாறவில்லை. கதிரை தருகிறோம் என்று வந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தருகிறோம் என்று வந்தவர்களுக்கும் அந்தச் சுவரையே காட்டினோம். சிலர் சிரித்தனர், சிலர் முகம் சுளித்து வேறு ஊர் பார்த்துப் போயினர். கடைசியில் 2017 ஆம் ஆண்டு, வேறோர் உறுப்பினரின் ஒதுக்கீட்டிலே மதகு கட்டப்பட்டது. மூன்று இலட்சத்துக்கு முடிந்திருக்க வேண்டியது அப்பொழுது அதற்கு மேலாயிற்று.

திறப்பு விழாவில் நன்றியுரைக்கு மீண்டும் என்னையே அழைத்தார்கள். நான் அப்பொழுது ஓய்வு பெற்றுவிட்டேன். ஒலிபெருக்கியைப் பிடித்தபோது, பழைய பாரி நினைவுக்கு வந்தான். இம்முறை அவனை அவன் தேரோடு விட்டுவிட்டேன். “இம்மதகுக்குப் பணம் கொடுத்தவர்கள் இங்கே பின்வரிசையில் நிற்கிறார்கள். சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் தீப்பெட்டிக்கும் அவர்கள் கட்டிய வரி இது. அது இவ்விடம் வந்து சேர வழி செய்தமைக்காக உறுப்பினர் அவர்களுக்கும், அளந்து கட்டுவித்த உத்தியோகத்தர்களுக்கும், கடமையைச் செய்தவர்கள் என்ற முறையில் என் நன்றி” என்று சொல்லி அமர்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. உறுப்பினர் மாத்திரம் என்னைத் திரும்பிப் பார்த்து, புன்னகை செய்தார். “மாஸ்டருக்கு வயது போட்டுது” என்று தலைவர் யாரிடமோ மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

கூட்டம் கலைந்தபின் அந்த முதலாவது கையெழுத்துக்காரர் வந்தார். அவர் அப்பொழுது எங்கள் நிருவாக சபை உறுப்பினர். சிறிது நேரம் மதகின்மேல் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“மாஸ்டர், இது எங்கடை காசெண்டால், ஏன் இவ்வளவு காலமாய் எங்களைக் கேட்க வைச்சனீங்கள்?”

‘வைச்சினம்’ என்று அவர் சொல்லவில்லை. ‘வைச்சனீங்கள்’ என்றே சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு மறுமொழி தேடி அன்று நான் வீடு வந்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

அன்பான வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஒரு சங்கம் இருக்கும். அதற்கு ஒரு காரியதரிசி இருப்பார். அவருடைய கோப்பிலே ஒரு விண்ணப்பம் உறங்கிக்கொண்டிருக்கும். நம் மாவட்டத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று கச்சேரியில் எழுத்து மூலம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைத் தந்திருக்கின்றது. ஆனால், கச்சேரியைக் கேட்பதற்கு முன்னர் நம் கோப்பை நாமே ஒருமுறை திறந்து பார்ப்போம். கூட்டத்திலே மௌனம் விழும்போது தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிராமல் இருப்போம்.

வழியில் இருக்கும் பிள்ளையார், யாருடைய தேங்காய் இது என்று கேட்பதில்லை. அவர் கேட்க மாட்டார். கேட்க வேண்டியவர்கள் நாம்.